விஆர் ஹெட்செட் போட்டு ரயில் ஓட்டுபவர்கள் இருக்கிறீர்களா?

பெரம்பூர்ப்பையன்

வணக்கம் நண்பர்களே. என்னிடம் ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு போட்ட கணினி இருக்கிறது. ரயில் ஓட்டும் கேம்களில் டிரெயின் சிம் வேர்ல்டு 5, ஓபன் ரெயில்ஸ் இரண்டும்தான் அதிகம் ஓட்டுகிறேன். கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதை விஆர் (மெய்நிகர்) ஹெட்செட்டில் போடுவதா, புது கிராஃபிக்ஸ் கார்டில் போடுவதா என்று தெரியவில்லை.

யூடியூபில் பார்த்தால் எல்லாரும் புகழ்கிறார்கள். ஆனால் அவர்கள் காட்டுவது பத்து நிமிட ஓட்டம். நான் உட்கார்ந்தால் ஒரு கூட்ஸ் வண்டியைக் கிளம்பின இடத்திலிருந்து போய்ச் சேரும் இடம்வரை ஓட்டிவிட்டுத்தான் எழுந்திருப்பேன். அப்படி நீண்ட நேரம் விஆரில் ஓட்டுபவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இன்னொரு விஷயம், மலைப்பாதை பஸ்ஸில் ஏறினால் எனக்குக் குமட்டும். ரயிலில் ஒன்றும் ஆகாது. ஹெட்செட்டில் எப்படி இருக்கும்?

இரட்டைமஞ்சள்

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் ஓட்டும் இரண்டிலுமே உள்ளேயே வரும் விஆர் வசதி கிடையாது. ஓபன் ரெயில்ஸ் என்பது 2001-இல் வந்த மைக்ரோசாஃப்ட் டிரெயின் சிமுலேட்டரின் பாதைகளையும் வண்டிகளையும் ஓட்ட ஆர்வலர்கள் எழுதிய இலவச மென்பொருள். அதில் விஆரை மறந்துவிடலாம்.

டிரெயின் சிம் வேர்ல்டு கதை வேறு. அது அன்ரியல் எஞ்சினில் ஓடுவதால் யூஇவிஆர் என்ற இலவசக் கருவியைக் கொண்டு விஆரில் திறக்க முடியும். நான் அப்படித்தான் ஓட்டுகிறேன். கேபினுக்குள் உட்கார்ந்த முதல் நொடியிலேயே வித்தியாசம் தெரியும். திரையில் சின்னதாகத் தெரிந்த கண்ட்ரோல் டெஸ்க் உங்கள் மடிக்கு முன்னால் முழு அகலத்துக்கு நிற்கும். தலையைத் திருப்பினால் பக்கத்து ஜன்னல். கொஞ்சம் எழுந்து குனிந்தால் வண்டி முனையில் மோதலைத் தாங்கும் பஃபர் வரைக்கும் எட்டிப் பார்க்கலாம்.

ஆனால் கையால் லீவரைப் பிடிக்க முடியாது. கேம்பேட் அல்லது கீபோர்டுதான். மெனு எல்லாம் காற்றில் தொங்கும் பலகை மாதிரி வரும். சில ஷேடர்கள், அதாவது ஒளி நிழல் விளைவுகள், ஒரு கண்ணில் மட்டும் தெரியும், அவற்றைத் தேடி அணைக்க வேண்டும். அமைத்து முடிக்கப் பொறுமை தேவை. முடித்த பிறகு எனக்குத் திரைக்குத் திரும்ப மனசு வரவில்லை.

கரும்புகை

இரட்டைமஞ்சள் சொல்வதை மதிக்கிறேன். ஆனாலும் ஹெட்செட் வாங்கும் முன் எந்த கேமுக்காக வாங்குகிறோம் என்று முடிவு செய்ய வேண்டும். விஆருக்கென்று யோசித்துக் கட்டிய ரயில் கேம் என்றால் என் அனுபவத்தில் டீரெயில் வேலிதான். ஆல்ட்ஃபியூச்சர் என்ற சிறு நிறுவனம் 2019 ஜனவரியில் எர்லி ஆக்சஸில், அதாவது முழுமையாகும் முன்பே விற்கும் முறையில், வெளியிட்டது. திரையிலும் ஓடும், விஆரிலும் ஓடும். ஆனால் அதன் ஒவ்வொரு பொருளும் கையால் பிடிக்கிற மாதிரி செய்யப்பட்டிருக்கிறது.

யார்டில் வண்டிகளைச் சேர்த்துப் பிரிக்கும் ஒரு ஷண்டிங் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டேஷன் அலுவலகத்தில் வேலைச் சீட்டை எடுத்து இயந்திரத்தில் செருகினால் புத்தகமாக அச்சடித்துத் தரும். அதைக் கையில் வைத்துக்கொண்டு யார்டில் வண்டி எண்களைத் தேடி நடக்க வேண்டும். டிஇ2 என்ற சின்ன டீசல் எஞ்சினில் ஏறி மின் பிரேக்கரை ஆன் செய்து, எஞ்சினைக் கிளப்பி, திசையை மாற்றும் ரிவர்சரைப் பின்னால் தள்ளி, ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி மெதுவாகப் பின்னால் போக வேண்டும்.

அந்தத் தலையை நீட்டும் இடத்தில்தான் விஆர் தன் விலையைக் காட்டுகிறது. திரையில் பின்னோக்கிப் போகும்போது பஃபருக்கும் வேகனுக்கும் இடையே எத்தனை அடி இருக்கிறது என்று ஊகிக்க முடியாது. படத்தில் இரண்டு உருவம் ஒன்றை ஒன்று மறைக்கும், அவ்வளவுதான். ஹெட்செட்டில் இரண்டு கண்ணுக்கும் தனித்தனிப் படம் போவதாலும், தலையைக் கொஞ்சம் இப்படி அப்படி அசைத்தால் பக்கத்துப் பொருளும் தூரத்துப் பொருளும் வேறு வேறு அளவில் நகர்வதாலும் தூரம் அப்படியே உணர்வில் வந்துவிடும். பஃபர் தொடும் முன்பே கை தானாக பிரேக்குக்குப் போகும்.

அப்புறம் இறங்கி வண்டிகளுக்கு நடுவில் குனிந்து நுழைய வேண்டும். வண்டிகளை இணைக்கும் கப்ளிங் சங்கிலியை ஒரு கையால் தூக்கி எதிர் வண்டியின் கொக்கியில் மாட்டி, திருகை முறுக்கி இறுக்க வேண்டும். பிரேக் ஹோஸை இழுத்து இணைத்து, இரண்டு பக்கமும் காக் என்ற காற்று வால்வைத் திறக்க வேண்டும். ஒரு பக்கம் திறக்க மறந்தால் பின்னால் இருக்கும் வேகன்களுக்கு பிரேக் காற்றே போகாது. சரிவில் இறங்கும்போதுதான் தெரியும். திரையில் இதெல்லாம் மவுஸ் கிளிக். விஆரில் உடம்பு செய்கிற வேலை.

யாழ்தேவி

குமட்டல் பற்றி நான் சொல்கிறேன், எனக்கு அது நிறைய இருந்தது. ஓடுகிற வண்டியின் கேபினுக்குள் இருக்கும்போது பெரும்பாலும் பிரச்சினை இல்லை. யார்டில் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளி நடந்தால்தான் வயிறு கலங்கியது. அதனால் நடப்பதை, நினைத்த இடத்துக்குச் சட்டென்று தாவும் டெலிபோர்ட்டுக்கு மாற்றினேன், திரும்புவதைத் துண்டு துண்டாகத் திரும்பும் முறைக்கு மாற்றினேன். அதன் பிறகு நல்லா இருக்கு.

முகத்துக்கு நேராக ஒரு மேசை ஃபேனைப் போட்டுவிடுங்கள். லென்ஸில் ஆவி படியாது, வியர்க்காது, காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்து உடம்புக்குத் திசையும் தெரியும். வாயில் ஒரு துண்டு இஞ்சி மரப்பா. லேசாகத் தலை சுற்றத் தொடங்கியதுமே கழற்றிவிட வேண்டும். தாங்கிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தால் உடம்பு ஹெட்செட்டையே வெறுக்கப் பழகிவிடும்.

சிங்கைத்தடம்

யாழ்தேவி சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. நம் உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு வேகத்தை உணர்வதில்லை, வேக மாற்றத்தைத்தான் உணர்கிறது. கண் "நகர்கிறேன்" என்று சொல்லி, காது "இல்லையே" என்று சொன்னால் குமட்டல். 80 கி.மீ. வேகத்தில் நேர்ப்பாதையில் சீராக ஓடும் ரயிலில் நிஜத்திலும் காதுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அதனால் விஆரிலும் முரண்பாடு குறைவு. கூட்ஸ் வண்டி வேகம் எடுப்பதும் மிக மெதுவாகத்தான். கார் பந்தய கேமில் ஒவ்வொரு வளைவும் ஒரு அடி, ரயிலில் வளைவுகள் நீளமானவை, மென்மையானவை. இன்னொரு உதவி, கேபினின் ஜன்னல் சட்டமும் டெஸ்க்கும் உங்களோடு அசையாமல் இருப்பது. மூளை அதைப் பிடித்துக்கொள்ளும்.

தொந்தரவு தரும் இடங்கள் என்று பார்த்தால், பக்கத்து ஜன்னல் வழியாக அருகில் ஓடும் தூண்களை நெடுநேரம் பார்ப்பது ஒன்று. கேபின் ஆட்டம் என்று கேம் தானாகத் தலையைக் குலுக்கும் அமைப்பு இருந்தால் அதை முதலில் அணைக்க வேண்டும். நொடிக்கு வரும் படங்களின் (பிரேம்) எண்ணிக்கை விழுவது மற்றொன்று, அதுதான் பெரிய எதிரி. 72 ஹெர்ட்ஸில் ஒரு பிரேமுக்கு 13.9 மில்லி நொடி, 90-இல் 11.1 மில்லி நொடிதான் அவகாசம். அதற்குள் படம் தயாராகவில்லை என்றால் மென்பொருள் இடையில் ஒரு பிரேமை ஊகித்து நிரப்பும். நேராகப் பார்த்தால் தெரியாது. ஆனால் ரயிலில் மின்கம்பித் தூண்கள் பக்கவாட்டில் வேகமாகப் போகும் இடத்தில் பாருங்கள், தூணின் விளிம்பு தண்ணீருக்குள் இருப்பது போல நெளியும், சில சமயம் ஒரு தூண் இரண்டாகத் தெரியும். 45 பிரேமில் ஊகித்து 90 காட்டுவதைவிட நிஜமான 72 எவ்வளவோ மேல்.

பெரம்பூர்ப்பையன், உங்கள் 3060-ஐப் பற்றி. மெட்டாவின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டில் ஒரு கண்ணுக்கு 2064 × 2208 புள்ளிகள் (பிக்சல்). இரண்டு கண்ணுக்கும் சேர்த்து 91 லட்சம். ஒரு 1440பி மானிட்டர் 37 லட்சம்தான். லென்ஸ் வளைவைச் சரி செய்ய அதற்கும் மேல் வரைய வேண்டியிருக்கும். டீரெயில் வேலியை ஓரளவு குறைத்த தரத்தில் 3060 சமாளிக்கும். யூஇவிஆரில் டிரெயின் சிம் வேர்ல்டு, அதுவும் பெரிய நகர ஸ்டேஷன்களில், மூச்சு வாங்கும்.

பழையகூட்ஸ்காரர்

தம்பிமார்களே, நான் ஸ்டீம் ஷெட்டில் ஃபயர்மேனாகச் சேர்ந்து, கடைசியில் எலெக்ட்ரிக் கூட்ஸ் லோகோ பைலட்டாக ஓய்வு பெற்றவன். பேரன் வைத்திருக்கும் ஹெட்செட்டில் கரும்புகை சொல்லும் கேமைத்தான் பார்த்தேன். மனதில் பட்டதைச் சொல்கிறேன்.

கரி போடும் காட்சி நன்றாக இருக்கிறது. ஷவலை எடுத்து, கரியை அள்ளி, ஃபயர்பாக்ஸ் கதவைத் திறந்து உள்ளே வீசுவது கையசைவு வரைக்கும் சரி. ஆனால் நிஜத்தில் கரியை எங்கே போடுகிறோம் என்பதுதான் தொழில். கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி, நெருப்பு எங்கே மெலிந்திருக்கிறதோ அங்கே பரப்பிப் போட வேண்டும். ஒரே இடத்தில் குவித்தால் புகை கறுத்து ஸ்டீம் இறங்கிவிடும். கேமில் உள்ளே விழுந்தால் போதும் என்று இருக்கிறது. கனமும் இல்லை. ஆனால் வாட்டர் கேஜில் தண்ணீரை ஒரு கண்ணாலும் பாதையை ஒரு கண்ணாலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்ற பதற்றம் அங்கே இருக்கிறது. தண்ணீர் குறைந்தால் பாய்லர் வெடிக்கும் என்பதையும் வைத்திருக்கிறார்கள். அந்த பயம் ஃபயர்மேனுக்கு வேண்டும்.

கிடைக்காத விஷயம் ஒன்று உண்டு. வண்டியை நாங்கள் கண்ணால் மட்டும் ஓட்டவில்லை, இடுப்பாலும் ஓட்டினோம். நீண்ட கூட்ஸில் கப்ளிங்குகளுக்கு நடுவே இருக்கும் தளர்வு, பிரேக் போட்டதும் ஒவ்வொரு வேகனாக முன்னால் வந்து சேரும். அந்த இடி சீட்டில் தெரியும். அது எப்படி வருகிறது என்பதை வைத்துப் பின்னால் வண்டி மேட்டில் இருக்கிறதா பள்ளத்தில் இருக்கிறதா என்று சொல்லிவிடலாம். ஹெட்செட் போட்டால் கண் நூறு சதவீதம் நம்புகிறது, முதுகு நாற்காலியில் சும்மா இருக்கிறது. அதனாலேயே எனக்கு அது கனவு மாதிரி தோன்றியது.

கரும்புகை

ஐயா, எழுதியதற்கு மிக்க நன்றி. கரி பரப்புவதைப் பற்றி நீங்கள் சொன்னதைத் தனி இழையாகவே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்த அனுபவம் எந்தக் கையேட்டிலும் இல்லை.

சீட்டைப் பற்றி: நாற்காலிக்கு அடியில் பாஸ் ஷேக்கர் என்ற அதிர்வுக் கருவியைத் திருகிவைத்து, கேமின் சத்தத்தில் இருக்கும் தாழ்ந்த ஒலியை மட்டும் அதற்குக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். தண்டவாள மூட்டுத் தட்டலும் கப்ளிங் இடியும் முதுகில் வரும். நீங்கள் சொல்லும் அளவுக்குப் பாடம் சொல்லாது, ஆனால் முதுகு சும்மா இருக்காது.

பின்கார்டு

ரோலிங் லைன் பார்த்திருக்கிறீர்களா யாராவது? 2018-இல் வந்தது. மாடல் ரயில் கேம், விஆரில் உங்கள் கையாலேயே தண்டவாளம் பதித்து, மேசை மேல் ஊர் கட்டி, வேண்டுமானால் உங்களைச் சுருக்கிக்கொண்டு அந்த ஊருக்குள் இறங்கலாம். பெரிய கார்டு தேவையில்லை. என் பிள்ளைகள் அதை விடுவதே இல்லை.

இரட்டைமஞ்சள்

நல்ல கேம், ஆனால் ஓட்டுநர் வேலை அதில் இல்லை. பெரம்பூர்ப்பையன் கேட்பது வேறு.

கரும்புகை, டீரெயில் வேலியை நானும் விரும்புகிறேன். ஆனால் அது ஒரு கற்பனை ஊர். 256 சதுர கி.மீ. பரப்பில் ஒரே ஒரு எஞ்சின் ஓடுகிறது, அது உங்களுடையது. எதிரே வண்டி வராது, கால அட்டவணை கிடையாது. நான் ரயில் சிமுக்கு வந்ததே நிஜமான பாதையில், நிஜமான ஸ்டேஷனில், நேரத்துக்கு வண்டியை நிறுத்தத்தான். அந்த அனுபவத்தை கேபினுக்குள் உட்கார வைத்துத் தருவது யூஇவிஆர் மட்டுமே. கை இல்லை என்பது குறைதான். அதற்காக முழு ரயில்வேயையும் விட்டுவிட முடியாது.

கரும்புகை

கை இல்லை என்பதைவிடப் பெரிய குறை ஒன்று அதில் இருக்கிறது. சிக்னல் தெரிவதில்லை.

இதைக் கணக்காகவே சொல்கிறேன், சரிபார்த்துக்கொள்ளுங்கள். குவெஸ்ட் 3-இல் பார்வையின் ஒரு டிகிரிக்கு சுமார் 25 புள்ளிகள். கூர்மையான மனிதக் கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு 60 வேண்டும். சிக்னல் விளக்கின் விட்டம் 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 500 மீட்டர் தூரத்தில் அது 0.023 டிகிரி. அதாவது அரைப் புள்ளி. கேம் விளக்கைச் சுற்றி ஒளிவட்டம் வரைந்து நிறத்தைக் காப்பாற்றிவிடும் என்று வைத்துக்கொண்டாலும், பிரிட்டிஷ் பாதையில் இரண்டு மஞ்சள் எரிகிறதா ஒரு மஞ்சள் எரிகிறதா என்பது முக்கியம். இரண்டு விளக்குக்கும் நடுவே அரை மீட்டர் இருந்தால் 500 மீட்டரில் ஒன்றரைப் புள்ளி இடைவெளி. இரண்டும் கலந்து ஒரே மஞ்சள் பொட்டாகத்தான் தெரியும்.

இரட்டை மஞ்சள் என்றால் அடுத்த சிக்னல் ஒற்றை மஞ்சள், அதற்கடுத்து சிவப்பு. ஒற்றை மஞ்சள் என்றால் அடுத்ததே சிவப்பு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க முடியாமல் 160 கி.மீ. வேகத்தில் வண்டி ஓட்டுவதை நான் ஓட்டுவது என்று சொல்ல மாட்டேன்.

இரட்டைமஞ்சள்

கணக்கு சரி. ஆனால் ஏடபிள்யூஎஸ் என்ற எச்சரிக்கைக் கருவி இருக்கிறதே. சிக்னலுக்கு சுமார் 180 மீட்டர் முன்னால் தண்டவாளத்துக்கு நடுவில் காந்தம். பச்சை என்றால் மணி, மற்றதெல்லாம் ஹாரன்.

கரும்புகை

ஹாரன் இரட்டை மஞ்சளுக்கும் அதேதான், ஒற்றை மஞ்சளுக்கும் அதேதான், சிவப்புக்கும் அதேதான். எது என்று கண்தான் சொல்ல வேண்டும். காந்தத்தின் மேல் வரும்போது இரண்டு விளக்குக்கும் இடையே நாலு புள்ளி கிடைக்கும், அப்போது பிரியும். ஆனால் 160 கி.மீ. வேகத்தில் அந்த 180 மீட்டரைக் கடக்க 4 நொடிதான்.

நான் சொல்வது இவ்வளவுதான். விஆர் பக்கத்தில் இருப்பதற்கு ராஜா. கை எட்டும் தூரம், பஃபர், கப்ளிங், தடம் மாற்றும் பாயின்ட், பிளாட்பார விளிம்பு வரைக்கும் அதற்கு இணை இல்லை. தூரத்தில் இருப்பதற்கு நல்ல மானிட்டர்தான் ராஜா. 27 அங்குல 1440பி திரை 60 செ.மீ. தூரத்தில் இருந்தால் கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு சுமார் 45 புள்ளி கிடைக்கிறது, போதாததற்கு ஒரு பட்டனில் ஜூம் செய்து பார்க்கலாம். ரயில் ஓட்டுநரின் வேலையில் பாதி பக்கத்தில், பாதி தூரத்தில். எந்தப் பாதியை அதிகம் விளையாடுகிறோம் என்று பார்த்து வாங்க வேண்டும். டீரெயில் வேலி விஆருக்குப் பொருந்துவதற்கு இதுவும் ஒரு காரணம்: அதில் மோடு (ரசிகர்கள் எழுதும் கூடுதல் மென்பொருள்) போடாமல் சிக்னலே கிடையாது. வேகப் பலகை மட்டும்தான், அதுவும் பெரிய எழுத்தில்.

சிங்கைத்தடம்

இந்தக் கணக்கை ஹெட்செட் விளம்பரங்களில் யாரும் போடுவதில்லை. நன்றி கரும்புகை.

ஒரு துணைத் தகவல். குவெஸ்ட் 2-இலும் 3எஸ்-இலும் ஒரு டிகிரிக்கு சுமார் 20 புள்ளிதான், லென்ஸும் பழைய ஃப்ரெனெல் வகை. இருட்டில் ஒளிரும் சிக்னலைச் சுற்றிக் கதிர் கதிராக வெளிச்சம் சிதறும். 3-இல் பான்கேக் லென்ஸ் என்பதால் விளிம்பு வரை தெளிவு. கேபினில் வேக மீட்டரைப் பார்க்கத் தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் தாழ்த்த முடிகிறது. ரயிலுக்கு இது பெரிய வசதி. விலை குறைவு என்று 3எஸ் வாங்குபவர்கள் இதை யோசித்து வாங்கவும்.

பழைய எச்பி ரிவெர்ப் ஜி2 மலிவாகக் கைமாறுகிறது. ஒரு கண்ணுக்கு 2160 × 2160, கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அது விண்டோஸ் மிக்ஸ்டு ரியாலிட்டியை நம்பி ஓடுவது. விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்ட் அதை எடுத்துவிட்டது. எனக்குத் தெரிந்த ஒருவரிடம் ஒரு விற்பனையாளர் இதைச் சொல்லாமலே விற்றுவிட்டார். புதிதாக வாங்குபவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

பெரம்பூர்ப்பையன்

இவ்வளவு விரிவாக எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். நான் கிட்டப்பார்வைக் கண்ணாடி போடுபவன், ஹெட்செட்டுக்குள் கண்ணாடி வேண்டுமா? திரை கண்ணுக்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? அப்புறம் இப்போதைக்குச் செலவில்லாமல் டிரெயின் சிம் வேர்ல்டில் தலையைத் திருப்பிப் பார்க்க வழி இருக்கிறதா?

சிங்கைத்தடம்

திரை பக்கத்தில் இருந்தாலும் லென்ஸ் அதை ஒன்றிரண்டு மீட்டர் தள்ளி இருப்பது போலத்தான் கண்ணுக்குக் காட்டும். கிட்டப்பார்வை அதிகம் என்றால் கண்ணாடி வேண்டும். ஆனால் கண்ணாடி லென்ஸும் ஹெட்செட் லென்ஸும் உரசினால் இரண்டும் கீறும். உங்கள் பவருக்கு ஏற்ற செருகு லென்ஸ் செய்து தருகிறார்கள், அது நல்லது. கூட்ஸ்காரர் ஐயாவைப் போல வெள்ளெழுத்துக் கண்ணாடி மட்டும் போடுபவர்களுக்குப் பெரும்பாலும் உள்ளே ஒன்றும் தேவைப்படாது.

ஜன்னல் வெயில் படும் இடத்தில் ஹெட்செட்டை வைக்காதீர்கள். லென்ஸ் வழியாகச் சூரிய ஒளி குவிந்து உள்ளிருக்கும் திரையைச் சுட்டுவிடும். நம்ம ஊர் வெயிலில் இதற்கு அதிக நேரம் ஆகாது.

இரட்டைமஞ்சள்

இரண்டாவது கேள்விக்கு: ஓபன்டிராக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சாதாரண வெப்கேமே போதும். முகத்தை அது பின்தொடர்ந்து, தலை அசைவை மவுஸ் அசைவாக மாற்றித் தரும். இடது பக்கம் லேசாகத் திரும்பினால் கேபின் முழுசாகத் திரும்பும். பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே நிறுத்தும்போது அவ்வளவு உதவி.

கரும்புகையின் கணக்கு என் மனதை முழுசாக மாற்றவில்லை. ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன்: அதிவேகப் பாதைகளை நான் விஆரில் ஓட்டுவதே இல்லை, யோசித்துப் பார்த்தால் இப்போதுதான் தெரிகிறது. கிளைப்பாதையில் 60, 70 கி.மீ.யில் ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனிலும் நின்று போகும் பாசஞ்சர் வண்டிகளைத்தான் எடுக்கிறேன். அங்கே சிக்னல் நெருங்கி வர நேரம் இருக்கிறது, வண்டி நின்ற பிறகு கதவு வழியாகப் பிளாட்பாரத்தைத் திரும்பிப் பார்க்கும் சுகமும் இருக்கிறது. யூஇவிஆர் முயற்சி செய்பவர்கள் அப்படி ஒரு பாதையில் தொடங்குங்கள். முதல் வேலையாக உலக அளவு என்ற அமைப்பைச் சரி செய்யுங்கள். அது தவறாக இருந்தால் கேபின் பொம்மை வீடு போலவோ மண்டபம் போலவோ தெரியும். டெஸ்க்கின் உயரத்தை உங்கள் வீட்டு மேசையின் உயரத்தோடு ஒப்பிட்டு நகர்த்தினால் எளிது.

பின்கார்டு

நிஜமான கண்ட்ரோலர் லீவர் வைத்திருப்பவர்கள் ஹெட்செட்டோடு எப்படிச் சமாளிக்கிறீர்கள்? என்னிடம் ரெயில்டிரைவர் இருக்கிறது. ஹெட்செட் போட்டதும் எந்த லீவர் எங்கே என்று தடவித் தேட வேண்டியிருக்கிறது.

இரட்டைமஞ்சள்

ஒவ்வொரு லீவர் முனையிலும் வேறு வேறு மாதிரி ஒட்டுங்கள். பிரேக்குக்கு முரட்டுத் துணி, த்ராட்டிலுக்கு ரப்பர் வளையம். விரல் சீக்கிரம் பழகிவிடும். ஜப்பானிய வண்டிகள் பலவற்றில் இந்தச் சிக்கல் குறைவு, த்ராட்டிலும் பிரேக்கும் ஒரே கைப்பிடியில் இருக்கும். 2020 டிசம்பரில் பிஎஸ்4-க்கு வந்த டென்ஷா டி கோ, யமனோட்டே பாதை கேமில் சோனியின் பிஎஸ்விஆர் ஹெட்செட் வசதியும் உண்டு. ஒற்றைக் கைப்பிடி, அடிக்கடி நிறுத்தம், கூர்மையான நிறுத்தப் புள்ளி. விஆருக்குப் பொருத்தமான பாதை என்று சொன்னால் கரும்புகைகூட மறுக்க மாட்டார்.

பழையகூட்ஸ்காரர்

தடவித் தேடுவதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ராத்திரி ஓட்டத்தில் கேபின் விளக்கை அணைத்துவிட்டுத்தான் நாங்களும் போவோம், அப்போதுதான் வெளியே தெரியும். பிரேக் ஹேண்டில் எங்கே என்று கைக்குத் தெரியும், கண்ணால் பார்ப்பதில்லை. நீங்கள் தடவிப் பழகுவது நிஜத்துக்கு நெருங்குவதுதான்.

சிக்னல் பேச்சு நடந்ததால் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வேலையில் லோகோ பைலட்டும் உதவி லோகோ பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் கையை நீட்டி வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒருவர் சொல்ல, மற்றவர் பார்த்துத் திருப்பிச் சொல்வார். வீட்டில் தனியாக ஓட்டினாலும் சொல்லுங்கள். தெளிவாகத் தெரியாத சிக்னலை வாய் சொல்லாது, கை தானாக வேகத்தைக் குறைக்கும். உங்கள் ஹெட்செட்டில் தெரியவில்லை என்றால் வேகத்தைக் குறையுங்கள். பனி மூட்டத்தில் நாங்கள் செய்ததும் அதுதான்.

கரும்புகை

ஐயா, இதை நான் இன்றே தொடங்குகிறேன்.

யாழ்தேவி

பெரம்பூர்ப்பையன், வாங்குவதற்கு முன்னால் யாரிடமாவது இரவல் வாங்கிப் பாருங்கள். குமட்டல் ஆளுக்கு ஆள் மாறும், எங்கள் சொல்லை வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

பெரம்பூர்ப்பையன்

யாழ்தேவி அக்கா சொன்னபடியே கல்லூரி நண்பனிடம் குவெஸ்ட் 3 இரவல் வாங்கி, டீரெயில் வேலியை என் கணினியில் போட்டு ஓட்டிவிட்டேன். ஃபேனும் இஞ்சி மரப்பாவும் தயாராக இருந்தன.

கேபினில் ஒன்றும் ஆகவில்லை. யார்டில் டெலிபோர்ட். வளைவில் தலையை வெளியே நீட்டி வண்டி முழுவதையும் திரும்பிப் பார்த்தபோது மட்டும் வயிறு ஒரு முறை புரண்டது. கழற்றிவிட்டேன், பிறகு சரியாகிவிட்டது.

கப்ளிங்தான் என்னை அசத்தியது. சங்கிலியை எடுக்கக் குனிந்தபோது இரண்டு பக்கமும் பஃபர்கள் என் தோள் அளவுக்கு நின்றன. அவ்வளவு பெரியவை என்று இத்தனை வருடமாகத் திரையில் பார்த்தும் எனக்குத் தெரியவில்லை. எழுந்திருக்கும்போது தலையில் இடிக்குமோ என்று நிஜமாகவே குனிந்தபடி பின்னால் வந்தேன், நாற்காலியில் முட்டிக்கொண்டேன்.

அப்புறம் டிரெயின் சிம் வேர்ல்டை யூஇவிஆரில் திறந்தேன். கேபின் அருமை. பெரிய ஸ்டேஷனில் தூண்கள் சிங்கைத்தடம் அண்ணன் சொன்ன மாதிரியே நெளிந்தன. அதற்கு இந்த கார்டு போதாது.

அதனால் ஹெட்செட்டை வாங்குகிறேன், 3060-ஐ இப்போதைக்கு வைத்துக்கொள்கிறேன். ஷண்டிங்கும் ஸ்டீமும் ஹெட்செட்டில், டிரெயின் சிம் வேர்ல்டும் ஓபன் ரெயில்ஸும் மானிட்டரில். ஓபன்டிராக்கை நிறுவிவிட்டேன், வெப்கேமில் ஓடுகிறது.

ஒரே ஒரு சிக்கல். டிஇ2 கேபினில் நின்றால் கண் கூரைக்குப் பக்கத்தில் இருக்கிறது, லீவர்கள் முழங்கால் மட்டத்தில் இருக்கின்றன. எங்கே மாற்றுவது?

சிங்கைத்தடம்

கேமில் தேட வேண்டாம். உங்கள் நண்பர் வேறு அறையில் அமைத்திருப்பார், ஹெட்செட்டில் தரை மட்டம் தவறாகப் பதிவாகியிருக்கிறது. ஹெட்செட்டின் எல்லை அமைப்புக்குள் போய்த் தரையை மறுபடி குறியுங்கள், கண்ட்ரோலரைத் தரையில் தொட வைத்துச் சரிபாருங்கள். பிறகு கேபினில் நேராக நின்று, வலது கண்ட்ரோலரில் மெட்டா பட்டனை அழுத்திப் பிடித்தால் பார்வை நடுவுக்கு வரும்.

வயர்லெஸ்ஸாக ஓட்டுவதென்றால் கணினியை ரூட்டரோடு கேபிளில் இணைத்து, ஹெட்செட்டை மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் விடுங்கள். இரண்டும் வைஃபையில் இருந்தால் படம் திக்கும். பேட்டரி சுமார் இரண்டு மணி நேரம்தான் வரும். உங்கள் நீண்ட கூட்ஸ் ஓட்டத்துக்குப் பின்பக்கம் மாட்டும் பவர் பேங்க் பட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், முன்னால் இழுக்கும் எடைக்கும் அது ஈடாக இருக்கும்.

கரும்புகை

டிஇ2 பழகியதும் கேமில் எஸ்060 என்ற ஸ்டீம் எஞ்சினின் உரிமத்துக்குப் பணம் சேருங்கள். முதல் ஓட்டத்துக்கு முன் எண்ணெய்க் கேனை எடுத்துக்கொண்டு இறங்கி, சக்கரங்களுக்குப் பக்கத்தில் குனிந்து ஒவ்வொரு எண்ணெய்ப் புள்ளியையும் நிரப்புங்கள். கிளம்பும்போது சிலிண்டர் காக்குகளைத் திறந்து தண்ணீரை வெளியேற்றிவிட்டு, வண்டி உருளத் தொடங்கியதும் மூடுங்கள். தண்ணீர்க் கண்ணாடி பாதிக்குக் கீழே இறங்கும் முன், பாய்லருக்குள் தண்ணீர் செலுத்தும் இன்ஜெக்டரைத் திறந்துவிட வேண்டும், மேட்டில் ஏறும்போது மறந்துபோகும் விஷயம் அதுதான்.